பலனைக் கொண்டு செயலை அளக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூருவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வர நேர்ந்தது. விமானம் புறப்படுமுன் பணிப்பெண் நடைபாதையில் நின்று உயிர்காப்புச் சட்டையை அணிந்து காட்டினார். அதைத் தலைவழியே மாட்டிக் கொள்ள வேண்டும், பட்டையை இடுப்பில் இறுக்க வேண்டும், விமானத்தை விட்டு வெளியேறும்போதுதான் காற்றை நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. என் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் புன்னகையுடன், "தம்பி, இது கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். இங்கே தண்ணீரில் இறங்குவதற்கு இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் விமானம் சென்னையை நெருங்கியது. தரையிறங்கும் முறைக்காகக் காத்திருந்த அது கடலின்மேல் சென்று வளைந்து திரும்பியது. சாளரத்தின் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வங்கக் கடல். பெரியவர் சற்று நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு இருக்கைக்கு அடியில் கையை நுழைத்து, உயிர்காப்புச் சட்டை அங்கே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

அதன் பின்னர்தான் அவர் மனம் திறந்து பேசினார். எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய மனைவிக்கு நள்ளிரவில் பக்கவாதம் கண்டது. அருகில் இருந்த சிறிய மருத்துவமனைக்குப் போவதா, பத்து மைல் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவதா என்று சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வழியிலேயே ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி அருகிலிருந்த இடத்துக்கே கொண்டு சென்றார். மூன்று நாட்கள் போராடிய அந்த அம்மையார் காலமானார். "பெரிய இடத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று உறவினர் எல்லோரும் சொல்கிறார்கள். அவள் பிழைத்திருந்தால் இதே முடிவைப் புத்திசாலித்தனம் என்று சொல்லியிருப்பார்கள் அல்லவா? நான் செய்தது சரியா, தவறா?" என்று கேட்டார்.

அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 'எல்லாம் விதி' என்று சொல்லி ஆறுதல் கூறலாம். ஆனால் அவர் கேட்டது ஆறுதலை அன்று, நியாயத்தை. ஒரு செயலின் நன்மையை அதன் பலனைக் கொண்டு அளக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியை நீண்ட நாட்கள் மனத்தில் வைத்துச் சிந்தித்தபோது, அவர் தடவிப் பார்த்த அந்தச் சட்டையே விடையைத் தேட ஒரு வழியைக் காட்டியது.

நீரில் இறங்கிய விமானங்கள்

பெரியவர் நினைத்ததுபோல் பெங்களூரு நீரில் இறங்கும் விமானங்களை அறியாத ஊர் அன்று. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் அங்கே இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளின் விமானங்கள் அங்கே பழுது பார்க்கப்பட்டன. அவற்றுள் கேட்டலினா என்னும் நீர்விமானங்களும் இருந்தன. அவை வந்து இறங்கிய இடம், இன்று நகரத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கும் பெல்லந்தூர் ஏரி. படகு போன்ற அடிப்பாகம் கொண்ட அவை நீரில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்டவை.

ஓடுதளத்தில் இறங்குவதற்காகச் செய்யப்பட்ட பெரிய பயணி விமானம் நீரில் இறங்க நேர்வது முற்றிலும் வேறு. வேகமாக மோதும்போது நீர் கல்லைப் போல் எதிர்க்கும். ஓர் இறக்கையின் நுனி முன்னதாக நீரைத் தொட்டாலும் விமானம் சுழன்று உடைந்துவிடும். மூக்குப் பகுதி சற்றே தூக்கியபடி, இரண்டு இறக்கைகளும் சமநிலையில், இயன்ற அளவு குறைந்த வேகத்தில் இறங்க வேண்டும். இத்தகைய இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது உலகம் முழுவதும் அறிந்தது. 2009 ஜனவரி 15 அன்று பிற்பகல் நியூயார்க் நகரின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து ஓர் ஏர்பஸ் ஏ-320 விமானம் புறப்பட்டது. பயணிகள் 150 பேர், பணியாளர் ஐவர். ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தை எட்டியபோது காட்டு வாத்துக் கூட்டம் ஒன்று குறுக்கிட்டது. பறவைகள் உள்ளே புகுந்ததால் இரண்டு என்ஜின்களும் ஒருங்கே ஆற்றல் இழந்தன. அதுவரை விமானத்தைச் செலுத்தியவர் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ். தலைமை விமானி செஸ்லி சல்லன்பர்கர் உடனே கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக் கொண்டார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம் என்றும், அருகிலுள்ள வேறொரு நிலையத்துக்குச் செல்லலாம் என்றும் தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து யோசனை கூறப்பட்டது. இரண்டையும் எட்ட முடியாது என்று அவர் முடிவு செய்தார். கீழே ஹட்சன் ஆறு ஓடிக் கொண்டிருந்தது. பறவைகள் மோதியதிலிருந்து நீரைத் தொடும் வரை 208 விநாடிகள். 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

இரண்டாவது நிகழ்ச்சி நம்மில் பலர் மறந்துவிட்டது. 1996 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட போயிங் 767 விமானத்தை மூவர் கடத்தினர். ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும்படி கட்டளையிட்டனர். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் இல்லை என்று தலைமை விமானி லியுல் அபாத்தே எடுத்துச் சொன்னார், அவர்கள் நம்பவில்லை. இறுதியில் எரிபொருள் தீர்ந்து என்ஜின்கள் நின்றன. கொமொரோ தீவில் உள்ள விமான நிலையத்தில் இறங்க அவர் முயன்றார். விமானி அறையில் நடந்த கைகலப்பில் அந்த வாய்ப்பும் நழுவியது. கரையில் மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு அருகே, கடற்கரை விடுதி ஒன்றின் எதிரில், ஆழமற்ற நீரில் விமானத்தை இறக்கினார். இடப்புற இறக்கை முதலில் நீரைத் தொட்டது, விமானம் உடைந்தது. அதில் இருந்த 175 பேரில் 125 பேர் மாண்டனர். 50 பேர் பிழைத்தனர்.

யார் பெரியவர்?

ஓர் இடத்தில் 155 பேரில் 155 பேர். மற்றோர் இடத்தில் 175 பேரில் 50 பேர். பலனை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலாமவர் வீரர்; இரண்டாமவர் பாதி தோற்றவர். உலகம் ஏறக்குறைய அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது. முதலாமவரின் கதை திரைப்படமாக வந்தது; இரண்டாமவரின் பெயர் பலருக்குத் தெரியாது.

ஆனால் அவரவர் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். ஹட்சனில் ஆறு அமைதியாக இருந்தது. பகல் வெளிச்சம் தெளிவாக இருந்தது. விமானி அறையில் இருவரும் ஒரே மனத்தினராகப் பணியாற்றினர். நீண்ட கடற்பயணத்துக்கு வேண்டிய மிதவை வசதிகள் அந்த விமானத்தில் இருந்தன. அந்தப் பயணத்துக்கு அவை கட்டாயம் அல்ல, தற்செயலாக அமைந்தவை. பிற்காலத்தில் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த நற்செயலையும் உயிர் பிழைத்ததற்கான காரணங்களுள் ஒன்றாக எழுதி வைத்தது. கொமொரோவிலோ, விமானியின் அருகில் கொலைக்கு அஞ்சாத மனிதர்கள். கையிலிருந்த கருவிகளுள் பல செயலிழந்த நிலை. அடியில் திறந்த கடல். அந்த நிலையிலும் கரைக்கு அருகே, உதவி கிடைக்கும் இடத்தில் இறங்க வேண்டும் என்ற நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. ஐம்பது உயிர்கள் அந்த நினைவின் விளைவு.

இவர்களுள் ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்று தராசு பிடிக்க நமக்கு மனம் வருமா? இருவரும் தம் கையில் இருந்ததை முழுமையாகச் செய்தனர். கையில் இல்லாதது வேறுபட்டது, பலனும் வேறுபட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. ஒரு பலன் உருவாவதற்குப் பல காரணங்கள் கூட வேண்டும். செய்பவனின் முயற்சி அவற்றுள் ஒன்று. கருவிகள், சூழ்நிலை, பிறருடைய செயல்கள், நம் அறிவுக்கு எட்டாத அமைப்பு என்று மற்றவை உள்ளன. நான்கு பேர் சேர்ந்து தூக்கிய சுமையை ஒருவர் பெயரில் எழுதுவது கணக்குப் பிழை. புகழும்போதும் அந்தப் பிழையைச் செய்கிறோம், பழிக்கும்போதும் செய்கிறோம்.

முப்பத்தைந்து விநாடிகள்

ஹட்சன் விபத்தைப் பற்றிய ஆய்வில் நம் பெரியவருக்கு மிகவும் தேவையான செய்தி ஒன்று இருக்கிறது. விமானம் ஓடுதளத்துக்குத் திரும்பியிருக்க முடியுமா என்று அறிய, பாவனைக் கருவியில் விமானிகளை அமர்த்தி ஆய்வாளர்கள் சோதித்தனர். பறவை மோதிய அதே கணத்தில் திரும்பியபோது, சில முறை ஓடுதளத்தை எட்ட முடிந்தது. அப்படியானால் ஆற்றில் இறங்கியது தவறா? அவ்வளவில் அவர்கள் நிற்கவில்லை. என்ன நடந்தது என்பதை உணரவும், எது வழி என்று தேர்ந்தெடுக்கவும் மனிதனுக்கு நேரம் வேண்டுமல்லவா? அதற்காக முப்பத்தைந்து விநாடிகளைச் சேர்த்து மீண்டும் சோதித்தனர். இம்முறை விமானம் ஓடுதளத்தை எட்டவில்லை. இடையில் இருப்பதோ மக்கள் நெருங்கி வாழும் மாநகரம். ஆற்றில் இறங்கத் துணிந்த முடிவே உயிர் பிழைக்க அதிக வாய்ப்பளித்தது என்று 2010இல் வெளியான அறிக்கை கூறியது.

பாவனைக் கருவியில் அமர்ந்தவர்களுக்குப் பறவை எப்போது மோதும் என்பது முன்பே தெரியும். சல்லன்பர்கருக்குத் தெரியாது. முடிவு தெரிந்த பிறகு பேசுகிற எல்லோரும் பாவனைக் கருவியில் அமர்ந்தவர்களே. நடந்ததை அறிந்தவனின் அறிவைக் கொண்டு, அறியாமல் நின்றவனின் செயலை அளப்பது நியாயமாகாது. அவனுக்கு உரிய அந்த முப்பத்தைந்து விநாடிகளையாவது நாம் அவனுக்குக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் மனைவியைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்ற அந்தப் பெரியவருக்கு அவருடைய உறவினர் கொடுக்க மறுத்தது இதைத்தான். அவரும் தமக்குத் தாமே அதைக் கொடுக்கவில்லை.

பலனைக் கருதாமை அலட்சியமா?

பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற உபதேசத்தைக் கேளாதவர் நம் நாட்டில் இல்லை. அதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களும் பலர். 'பலன் நம் கையில் இல்லை என்றால் எப்படிச் செய்தால் என்ன?' என்று அலட்சியத்துக்கு அதைப் போர்வையாக்குவோர் உண்டு. இந்த ஐயத்தை நீக்காமல் மேலே செல்ல இயலாது.

அதற்கு விடை காண மீண்டும் பெங்களூருவுக்கு வருவோம். 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ-320 விமானம் ஒன்று பெங்களூரின் பழைய விமான நிலையத்தை நெருங்கியது. அதில் 146 பேர் இருந்தனர். ஓடுதளத்தை எட்டுமுன் அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் அது விழுந்து தீப்பற்றியது. 92 பேர் மாண்டனர். ஹட்சனில் இறங்கிய விமானமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கே இரண்டு என்ஜின்களும் ஆற்றல் இழந்தும் அனைவரும் பிழைத்தனர். இங்கே இரண்டு என்ஜின்களும் பழுதின்றி இருந்தன. ஆனால் இறங்கும் வேளையில் அவை மிகக் குறைந்த ஆற்றலில் ஓடும் நிலையில் விடப்பட்டிருந்தன. வேகம் குறைந்துகொண்டே வந்தது உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. கவனித்தபோது எஞ்சியிருந்தவை சில விநாடிகளே.

மாண்டவர்களைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அந்த வகை விமானம் நம் நாட்டுக்கு அப்போது புதிது. அவர்களும் பயிற்சி பெற்ற, கடமை அறிந்த மனிதர்கள். நாம் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருப்போம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாம் கற்க வேண்டியது இவ்வளவே: பலன் நம் கையில் இல்லை, ஆனால் கவனம் நம் கையில் இருக்கிறது. பலனைக் கருதாதே என்ற உபதேசம், பலனில் அலையும் மனத்தை மீட்டு, செய்யும் செயலில் முழுவதுமாக நிறுத்துவதற்காகச் சொல்லப்பட்டது. 'நான் பிழைப்பேனா? நாளை என்னைப் பற்றி என்ன சொல்வார்கள்?' என்று ஹட்சன் விமானி எண்ணத் தொடங்கியிருந்தால், 208 விநாடிகளில் பாதி அந்த எண்ணத்திலேயே கழிந்திருக்கும். பலனில் பற்று வைத்தவனுக்கே கவனம் சிதறுகிறது. பற்றை விட்டவனால் கூர்மையாகச் செயலாற்ற முடிகிறது.

இன்னொரு ஐயமும் எழலாம். பலனைக் கருதக் கூடாது என்றால் விபத்துகளை ஏன் ஆராய வேண்டும்? நாடுகள் கூடி வகுத்துள்ள விமானப் போக்குவரத்து விதிகளில் இதற்கு அழகான விடை இருக்கிறது. விபத்து விசாரணையின் நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பது மட்டுமே. பழியையும் பொறுப்பையும் பங்கிட்டுக் கொடுப்பது அன்று என்று அவை தெளிவாகக் கூறுகின்றன. பலனிலிருந்து பாடம் கற்க வேண்டும். பலனைக் கொண்டு மனிதனை எடைபோடக் கூடாது. ஆன்மிக வாழ்விலும் தன்னைத் தானே ஆராய்பவனுக்கு இந்த விதி பொருந்தும். குற்ற உணர்வில் மூழ்குவது ஆராய்ச்சி ஆகாது.

எண்ணிக்கை கேட்ட மனிதர்

பற்றுக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாட்டை ஹட்சன் நிகழ்ச்சியின் பிற்பகுதி காட்டுகிறது. விமானம் நீரில் நின்றதும் பின்பகுதியில் நீர் புகத் தொடங்கியது. அங்கிருந்த பணிப்பெண்ணின் காலில் ஆழமான காயம். அந்த நிலையிலும் அவர் பயணிகளை முன்பக்கம் செல்லும்படி செலுத்தினார். எல்லோரும் வெளியேறிய பின் தலைமை விமானி உள்ளே நடந்து, யாரேனும் எஞ்சியிருக்கிறார்களா என்று பார்த்தார். ஒருமுறை பார்த்தது போதாதென்று மீண்டும் ஒருமுறை கடைசி வரை சென்று பார்த்தார். அதன் பின்னரே வெளியேறினார். கரை சேர்ந்த பிறகும் அவர் தேடியது ஒன்றே: எத்தனை பேர்? 155 என்ற எண் உறுதியாகச் சில மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவருக்கு நிம்மதி இல்லை.

பலனைக் கருதாதவர் எண்ணிக்கையை ஏன் கேட்க வேண்டும்? அவர் தம் வெற்றியின் கணக்கைக் கேட்கவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பற்றிக் கேட்டார். 'என் செயல், என் பெயர்' என்று தன்னை நோக்கித் திரும்புவது பற்று. 'அவர்கள் நலமா?' என்று பிறரை நோக்கித் திரும்புவது அன்பு. முன்னதை விடச் சொன்ன பெரியோர்கள் பின்னதை விடச் சொல்லவே இல்லை. மனைவியின் மறைவுக்காகப் பெரியவர் சிந்திய கண்ணீர் அன்பு. 'நான் தோற்றுவிட்டேன்' என்ற எண்ணத்தில் அவர் வெந்தது பற்று. இரண்டும் ஒரே கண்ணீராகத் தோன்றினாலும் வேர்கள் வேறு.

காற்றை முன்னதாக நிரப்பியவர்கள்

கொமொரோ கடலில் மாண்டவர்களைப் பற்றிய துயரமான செய்தி ஒன்று உண்டு. மோதலில் இறக்காமல் உயிருடன் இருந்தவர்களுள் பலர், விமானத்துக்கு உள்ளேயே உயிர்காப்புச் சட்டையில் காற்றை நிரப்பிவிட்டனர். அறிவிப்பு காதில் விழவில்லையோ, புரியவில்லையோ, அச்சத்தில் மறந்துவிட்டதோ! நீர் உள்ளே புகுந்து உயர்ந்தபோது, காற்று நிரம்பிய சட்டை அவர்களை மேலே தூக்கிக் கூரையோடு அழுத்தியது. வெளியேறும் வழியோ நீருக்கு அடியில் இருந்தது. மூழ்கி நீந்தி அதை அடைய அந்தச் சட்டையே விடவில்லை. காப்பதற்காகக் கொடுக்கப்பட்ட பொருளே தளையாயிற்று.

பெங்களூரில் நடைபாதையில் நின்ற பணிப்பெண் சொன்னதும், நாங்கள் கவனியாமல் விட்டதும் இந்த ஒரு வாக்கியம்தான்: வெளியேறும்போது மட்டும் நிரப்புங்கள். ஆபத்து வந்த பிறகு புதிதாக எதையும் கற்க முடியாது. அமைதியான நாளில் எதைப் பழகினோமோ அதுவே அவசர வேளையில் கைக்கு வரும். சல்லன்பர்கர் அதுவரை ஏறத்தாழ இருபதாயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியவர். இளமையில் போர் விமானியாக இருந்தவர். என்ஜின் இல்லாத மிதவை விமானங்களைச் செலுத்தவும் பழகியவர். 208 விநாடிகளில் அவர் செய்ததற்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளின் சாதனை இருந்தது. ஜபமும் தியானமும் சுயக்கட்டுப்பாடும் நமக்கு இன்ப நாட்களில் தேவையற்றவையாகத் தோன்றலாம். மூவாயிரம் அடி உயரத்து ஊரில் காட்டப்படும் உயிர்காப்புச் சட்டையும் அப்படித்தான் தோன்றுகிறது.

காப்பாற்றியவர்கள் யார்?

ஹட்சனில் மக்களை மீட்டவர்கள் முதலில் யார் என்று நினைக்கிறீர்கள்? அலுவலகம் செல்வோரை ஆற்றின் இரு கரைகளுக்கும் ஏற்றிச் செல்லும் சாதாரணப் பயணப் படகுகளின் ஊழியர்கள். முதல் படகு நான்கு நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்தது. அன்று காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கும் ஏழு டிகிரி கீழே. நீரில் நெடுநேரம் இருந்தால் குளிரே உயிரைக் குடித்திருக்கும். இறக்கைகளின்மேல் நின்றவர்களையும் மிதவைகளில் இருந்தவர்களையும் அந்த ஊழியர்கள் ஏற்றிக் கொண்டனர். கொமொரோவிலும் கடற்கரையில் இருந்த தீவு மக்களும், விடுமுறைக்கு வந்திருந்த பயணிகளும் படகுகளில் விரைந்து சென்று பலரைக் கரை சேர்த்தனர்.

நம் நாட்டிலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு மேற்கே அரபிக் கடலில் உள்ள எண்ணெய்க் கிணற்று மேடைக்கு ஒன்பது பேருடன் சென்ற ஹெலிகாப்டர், மேடையை நெருங்கும் வேளையில் கடலில் இறங்க நேர்ந்தது. மேடையின் உயிர்காப்புப் படகும், அருகில் இருந்த துணைக் கப்பல் ஒன்றும் விரைந்து சென்று ஐவரை உயிருடன் மீட்டன. மற்ற நால்வரைக் காக்க முடியவில்லை. அந்தப் படகில் சென்றவர்கள் ஐந்து பேரைக் காத்தவர்களா, நான்கு பேரை இழந்தவர்களா? அலைகளுக்கு நடுவே கை நீட்டியபோது அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். எட்டிய கையைப் பற்றினார்கள். அவர்களுடைய தர்மம் அங்கே நிறைவு பெற்றது.

எந்த மீட்பும் ஒருவருடைய செயல் அன்று. விமானி, துணை விமானி, பணிப்பெண்கள், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், படகோட்டிகள், கயிறு வீசியவர்கள் என்று பல கைகள் கூடியே ஓர் உயிர் கரையேறுகிறது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் மிதவைகளை நன்றாகப் பொருத்தி வைத்திருந்தார், அவரும் காத்தவரே. இதை உணர்ந்தவனிடம் வெற்றியில் செருக்கு தங்காது. தோல்வியில் தன்னைத் தானே அழித்துக் கொள்ளும் துயரமும் தங்காது. தன் பங்கைச் செய்தோமா என்ற ஒரு கேள்வியே எஞ்சும்.

நம் வாழ்வில்

இந்தக் கேள்வி விமானிகளுக்கு மட்டும் உரியதா? நோயாளியை இழந்த மருத்துவர், மழை பொய்த்த உழவர், எவ்வளவோ அன்பாக வளர்த்தும் வழி தவறிய பிள்ளையைப் பெற்ற தாய், கடைசி வரை பணிவிடை செய்தும் தந்தையைக் காக்க முடியாத மகன் என்று எத்தனை பேர் இரவுகளில் இதே கேள்வியுடன் விழித்திருக்கிறார்கள்! பலனை அளவுகோலாகக் கொண்டால் இவர்கள் எல்லோரும் தோற்றவர்கள். அப்படிச் சொல்லும் அளவுகோல்தான் தவறானது.

வேறு அளவுகோல் நம்மிடம் உண்டு. மூன்று கேள்விகள் போதும். அமைதியான நாட்களில் என்னைத் தகுதியாக்கிக் கொண்டேனா? செயல் செய்த வேளையில் என் கவனம் முழுவதும் அதில் இருந்ததா? என் நலத்துக்கு முன் பிறர் நலத்தை வைத்தேனா? மூன்றுக்கும் மனச்சாட்சி 'ஆம்' என்றால் அந்தச் செயல் நல்லது. 155 பேர் பிழைத்தாலும் நல்லது, 50 பேர் பிழைத்தாலும் நல்லது. ஏதேனும் ஒன்றுக்கு 'இல்லை' என்று விடை வந்தால், நல்ல பலன் கிடைத்திருந்தாலும் திருத்திக் கொள்ள வேண்டியது இருக்கிறது. வெற்றி பெற்றவர்களும் இந்தக் கேள்விகளுக்குத் தப்ப முடியாது என்பதே இந்த அளவுகோலின் நேர்மை.

அந்தப் பெரியவரை நான் பிறகு சந்திக்கவில்லை. சந்தித்தால் இதைச் சொல்வேன்: "ஐயா, அந்த இரவில் உங்கள் கையில் இருந்தவை சில விநாடிகளும் அன்பும் மட்டுமே. அவற்றைக் கொண்டு, அம்மாவின் உயிருக்கு எது நல்லதென்று பட்டதோ அதைச் செய்தீர்கள். உங்களைப் பற்றி நினைத்து நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் செய்தது சரியே. அவர் பிழைத்திருந்தாலும் அது சரியாகத்தான் இருந்திருக்கும். பிழைக்காததால் அது தவறாகிவிடாது."

இப்போதெல்லாம் விமானத்தில் பணிப்பெண் அந்தச் சட்டையை எடுத்துக் காட்டும்போது, கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.